சினை மீனுக்குக் காவல் இருந்தவளுக்கு

அக்கா,

இன்று பாப்பாரப்பட்டி சந்தையில் கெண்டை வாங்கினேன். ஒரு சாண்கூட இல்லாத மீன். வீட்டுக்கு வந்து வயிற்றைக் கீறினால் உள்ளே மஞ்சளாய்ச் சினை. அருவாமனையைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் அசந்துபோகிறது. ஆனால் இன்று வந்தது அந்த அசதி மட்டும் இல்லை.

ஒகேனக்கல்லில் உன்னைக் கொடுத்த வீட்டிலேயே, மாமாவின் தம்பிக்கு என்னையும் கொடுத்தார்கள். ஆண்கள் பரிசலில் போய்ப் பிடித்து வருவதை நாம் இருவரும் ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து அறுப்போம். ஆரம்பத்தில் சினையோடு வரும் மீனைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். வெள்ளைக்காரர்களின் உலகச் சண்டைக் காலம் வந்தது. பட்டாளத்துக்கு மீன் வேண்டும் என்று தினமும் ஆட்கள் வந்து நின்றார்கள். வலைக்கண் சிறுத்துக்கொண்டே போனது.

நீதான் முதலில் கண்டாய். ஒரு நாள் சின்ன மீன் ஒன்றைப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய்.

"இதப் பாரு புள்ள. ஒடம்பு வளரவே இல்ல, அதுக்குள்ள சினை புடிச்சிருக்குது. பெருசையெல்லாம் நாம வழிச்சிட்டோம். மிச்சம் இருக்கறதுங்க அவசரப்படுதுங்க. தண்ணி வேற இப்படிச் சுடுது."

அத்தனை சின்ன வயிற்றில் எத்தனை முட்டை இருந்துவிடும் என்று நீ கேட்டாய். நான் அடுத்த மீனை எடுத்தேன்.

பிறகு மழை தள்ளிப்போன வருஷம். ஆறு பாறைகளுக்கு நடுவே மடுமடுவாகச் சுருங்கியது. கால் வைத்தால் வெந்நீர். புதுவெள்ளம் வந்தால்தான் கெண்டை மேலேறிப் போய் முட்டையிடும், வெள்ளம் வரவில்லை. நாம் அறுத்த சில மீன்களில் சினை கலங்கிக் கூழாகக் கிடந்தது. மிஞ்சிய பெரிய மீன்கள் ஆழமான ஒரே மடுவில் ஒதுங்கியிருந்தன. அதில் கிணறு வெட்ட வைக்கிற வெடிவேட்டுப் போட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடலாம் என்று நம் வீட்டு ஆண்களே முடிவு செய்தார்கள்.

"புதுத் தண்ணி வர்ற வரைக்கும் வுட்டுடுங்க. முட்டை போட்டுட்டுப் போவட்டும்" என்று மாமாவிடம் கெஞ்சினாய்.

"நாம வுட்டா அடுத்தவன் புடிப்பான்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

மறுநாள் விடிந்ததும் நீ ஒரு பரிசலைத் தள்ளிக்கொண்டு போய் மடுவின் நடுவில் உட்கார்ந்துவிட்டாய். வேட்டுப் போட வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மாமா கத்தினார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. கரையில் நின்ற என்னைத்தான் பார்த்தாய்.

"நீயும் வா புள்ள. ரெண்டு பேரும் இருந்தா தாங்கிக்கலாம்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளைக்குப் பால் குடுக்கணும்க்கா" என்றேன். குழந்தை அப்போதுதான் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான். அது உனக்கும் தெரியும்.

மூன்று நாள் இருந்தாய். நான் கொண்டுவந்த களியைப் பாறை விளிம்பில் வைத்துவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தேன். மூன்றாம் நாள் மாமா குரல் உடைந்து, "எறங்கி வா. வெள்ளம் வர்ற வரைக்கும் யாரும் தொட மாட்டோம்" என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

மைசூர்ப் பக்கம் மழை பெய்து செந்தண்ணீர் வந்த அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். "மீனெல்லாம் மேல ஏறிப் போயிடுச்சுக்கா" என்று ஓடிவந்து சொன்னேன்.

"இந்த வருசம் தப்பிச்சுதுங்க. அடுத்த வருசம்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அடுத்த வருஷம் இன்னும் சின்னக் கண் வலை வந்தது. மறுபடி போய் உட்கார உனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், சண்டை முடிவதற்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

யார்மேலும் எனக்கு இப்போது கோபமில்லை, அக்கா. கோபப்படவும் தெம்பு வேண்டும். ஒன்றுதான் இன்னும் என்னை விடவில்லை. அன்று நான் வரவில்லை என்று சொன்ன பிறகும், நீ பரிசலில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாய். மூன்று நாளும் அந்த இடம் காலியாகவே இருந்தது.