கோவளத்தில் நாலாவது மாப்பிள்ளை

இரும்புலியூர்,
12-1-1969, ஞாயிறு.

அன்புள்ள மகன் வில்பிரட்டுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உன் தங்கை ஜோதியும் சுகமாயிருக்கிறோம், தன் முழங்கால் வலியைச் சுகத்தில் சேர்க்கக் கூடாது என்று அம்மா எழுதச் சொன்னாள். ஜாம்பியாவில் நீயும் மருமகளும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய போட்டோ வந்தது, இளைத்திருக்கிறாய், அங்கே மக்காச்சோளக் களிதான் கிடைக்கும் என்றால் அதையாவது வயிறு நிறையச் சாப்பிடு.

நேற்று சனிக்கிழமை, ஜோதியைப் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையனைக் கோவளத்துக்குப் பறவை பார்க்க அழைத்துப்போனேன். மற்ற வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கொடுப்பார்கள், நீங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற்றி உப்பளத்தில் நடக்கவிடுகிறீர்கள் என்று அம்மாவுக்குக் குறை. நாற்காலியில் உட்கார்ந்து கேசரி தின்னும்போது ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, சேற்றில் நின்று காத்திருக்கும்போது தெரிந்துவிடும் என்பது என் கட்சி. போன வருஷத்துப் பனிக்காலத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் தேறவில்லை. முதலில் வந்தவர் மிருக வைத்தியர், இதில் எது ருசியாயிருக்கும் என்று கேட்டார். இரண்டாமவர் மணலிலேயே தூங்கிவிட்டார். மூன்றாமவர் ஆளுயரப் பூநாரையிலிருந்து கையளவு உள்ளான் வரை எல்லாவற்றையும் கொக்கு என்றார், ஒரு இடத்தில் பனைமட்டையையும் கொக்கு என்றார். நாலாவது ஆள்தான் இந்த சாலமோன், டெலிபோன் இலாகாவில் வேலை, வயது முப்பது. கிளம்பும் முன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, பையன் வீட்டார் அடுத்த வாரம் குரோம்பேட்டையில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம், ஜோதிக்கு மார்ச்சில் இருபத்தெட்டு, நீங்கள் மாப்பிள்ளை தேடவில்லை, பெண்ணை அனுப்பாமல் வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறீர்கள் என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உனக்கு மட்டும் எழுதுகிறேன், அம்மா சொன்னதில் பொய்யில்லை. பதினோரு வயதிலிருந்து ஜோதிதான் என்னோடு வந்து நோட்டில் எழுதுகிறாள், நான் எண்ணிக்கை சொல்லி வாயை மூடுவதற்குள் எழுதிவிட்டு அடுத்த பறவையைக் காட்டுவாள். அவள் இல்லாமல் அந்த உப்பளத்தில் தனியாக நிற்க எனக்கு மனமில்லை. மூன்று பேர் தேறாதபோதும் வீடு திரும்பும் வழியில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜோதியும் சாலமோனும் நானும் கேளம்பாக்கத்தில் இறங்கி வரப்பு வழியே நடந்தோம். சாலமோன் புது பூட்ஸ் போட்டு வந்திருந்தார், அதில் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, கையை விட்டு எடுத்து உதறி மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார். எதிரே மீன் கூடையோடு வந்தாள் குப்பம்மா, வருஷக்கணக்காக நம்மைப் பார்க்கிறவள். இன்னா சார், மாசத்துக்கு ஒரு ஆள இட்டுகினு வர்றே, பட்சியக் காட்டித் தொரத்திவுட்டுடுறே, இந்தத் தம்பி நல்லா கீது, வுட்டுடாதே என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டுப் போனாள். ஜோதி உடனே நோட்டைத் திறந்து மும்முரமாக எழுத ஆரம்பித்தாள். எழுதுவதற்கு அங்கே ஒரு காக்கை கூட இல்லை.

உப்பங்கழிக்கு வந்தபோது மணி ஏழரை. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, மூன்று பேர் நிழலும் எதிரே ஈரச் சேற்றில் நீளமாக விழுந்திருந்தது. பஸ்ஸிலேயே இருபது பறவைகளின் பெயரும் அடையாளமும் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதலில் ஒன்றைக் காட்டி இது என்ன என்றேன், கொக்கு சார் என்றார். அது உண்மையிலேயே கொக்கு, அதற்கு மார்க் கொடுக்க முடியாது. அடுத்து, தலையும் கழுத்தும் கறுத்த ஒரு பறவையைக் காட்டினேன். பைனாகுலரை வெகுநேரம் கண்ணில் வைத்திருந்தார், பிறகு எடுத்துவிட்டுக் கீழே சேற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜோதியின் நிழலில் ஒரு கை உயர்ந்து, மணிக்கட்டில் வளைந்து, விரல்கள் கீழே பார்க்க அரிவாள் மாதிரி நின்றது. அரிவாள்மூக்கன் சார் என்றார்.

முப்பத்துநாலு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவன் நான். காப்பி அடித்ததற்காகப் போதகரின் மகனையே பேப்பரைப் பிடுங்கி வெளியே அனுப்பியிருக்கிறேன். ஆனால் முன்னே வந்த மூன்று பேருக்கும் அந்தக் கை அசையவில்லை, தூங்கினவரை எழுப்பக்கூட அவள் முயலவில்லை. அடுத்து கரண்டிவாயனைக் காட்டி இது என்ன என்று கேட்டேன், கேட்டுவிட்டு பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்பினேன். அந்தப் பக்கம் வெறும் உப்பளம், ஒரு பறவையும் இல்லை. ஐந்து நிமிஷம் அதையே பார்த்தேன். பின்னாலிருந்து கரண்டிவாயன் சார் என்று குரல் வந்தது, ஜோதி சிரிப்பதும் கேட்டது. சரி என்றேன்.

சாயங்காலம் திரும்பும்போது பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீரில் மிதந்த நாமக்கோழி எத்தனை என்று கேட்டதற்கு ஜோதி, நிறைய இருக்குப்பா என்றாள். நிறைய என்பது ஒரு எண்ணிக்கையாகாது. நோட்டை வாங்கி நானே எண்ணி எழுதினேன், இருநூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து தேறிவிட்டார் என்று சொன்னதும் அம்மா, நிஜமாகவா என்று இரண்டு தரம் கேட்டாள், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய்க் கேசரி கிளறினாள். பையன் வீட்டாருக்கும் சம்மதம், மே மாதம் கல்யாணம் என்று பேசியிருக்கிறது, லீவுக்கு இப்போதே எழுதிப் போடு, மருமகளையும் அழைத்து வா.

கொதிக்கவைத்த தண்ணீரே குடி. ஆண்டவர் உங்கள் இருவர் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. முக்கியமாக ஒன்று, ஜோதிக்கு எழுதும்போது நான் நிழலைப் பார்த்ததை எழுதிவிடாதே. அப்பாவையே ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு அவள் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ச. ஏசுபாதம்