நண்டுக்கறியும் பெண்கள் விடுதியும்

இன்று ஆவணி பன்னிரண்டாம் திகதி, புதன்கிழமை. எனக்கு எழுபத்தாறு வயதும் மூன்று மாதமும் நான்கு நாளும் ஆகின்றன. புள்ளிவிபரவியல் படிப்பித்தவள் வயதை முழு எண்ணில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. நீர் போய்ச் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உமக்கு எழுத வைத்தது பெயின்ற் மணம். இன்று காலை வளாக வாசலில் அது மூக்கைத் துளைத்தது.

ஆவணி மாதத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் பெயின்ற் மணம் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். கொழும்பிலிருந்து குழு வருகிறது. அடுத்த ஆண்டுக்கு நாம் கேட்ட கட்டடங்களில் எதற்குப் பணம் ஒதுக்குவது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்க முன்னர் நேரில் பார்க்க வருவார்கள். நாளை வருகிறார்கள். எங்கள் மதிப்பீட்டில் முதலாவதாக இருப்பது இரண்டாவது பெண்கள் விடுதி. பீடங்கள் பெருகிவிட்டன, ஆண்டுதோறும் சேரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்கள். முதலாவது விடுதி எப்போதோ நிரம்பி வழிந்துவிட்டது. இம்முறையும் கிடைக்காவிட்டால் புதிதாக வருகிறவர்களை எங்கே படுக்க வைப்பது என்று எவருக்கும் தெரியாது. பேரவையில் வெளி உறுப்பினராக என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதால், ஏற்பாடுகளைப் பார்க்கப் போனேன்.

விடுதி வாசலில் உதவிப் பதிவாளர் நின்றாள். முப்பது வயதுக்காரி, கெட்டிக்காரி. தொழிலாளர் கட்டில்களை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கை பிள்ளை, கட்டில் ஊர்வலம் போகுது?"

"பின்பக்கத்து ஸ்டோருக்கு மிஸ். ஒரு அறைக்கு நாலு கட்டில் எண்டால்தான் பார்க்க வடிவா இருக்கும்."

"இப்ப எத்தினை?"

"எட்டு."

"அதிலை படுக்கிற பிள்ளையள்?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரவுணிலை நிக்கச் சொல்லியிருக்கு. ஒரு நாள்தானே மிஸ். வாற ஆக்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நீர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அவளுக்கு வகுப்பெடுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்திருக்கிறீர் என்றே எண்ணினேன்.

இந்த வித்தையைத் தொடங்கிவைத்தவர் நீர். வளாகம் நான்கு கட்டடங்களும் மிச்சம் பற்றைக்காடுமாக இருந்த காலம். நீர் பதிவாளர். நான் விரிவுரையாளர், அதற்கு மேல், நெளுக்குளத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்த பெண்கள் விடுதிக்கு மேற்பார்வையாளர். உம்மைவிட எட்டு வயது மூத்தவள் என்ற உரிமையில் நான் "நீர்" என்பேன். நீர் கடைசிவரை "மிஸ்" என்றீர், "இருங்கோ" என்றீர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். வீட்டுக்கு வந்தவன் பசியோடு திரும்பினால் ஏழு தலைமுறைக்கும் அவமானம் என்று வளர்ந்தவர்.

குழு வரும் கிழமையில் நீர் பதிவாளராக இருப்பதில்லை, கலியாண வீட்டுக்காரனாகிவிடுவீர். பங்குக் கோவிலில் கதிரைகள் இரவல். யாரோ வீட்டுத் திரைச்சீலைகள் மண்டபத்தில் தொங்கும். விரிவுரையாளர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து நூலக அலுமாரிகளை நிரப்ப வேண்டும். என்னுடைய இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. உமது தம்பி முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் நண்டு அனுப்புவார். விடுதியில் கொடியில் கிடக்கும் உடுப்புகளை அகற்றி, பாதிக் கட்டில்களை அயல் வீட்டுக் கொட்டிலுக்குக் கடத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவீர். நாற்பத்தொரு பெண்களும் இரண்டு கழிப்பறைகளும் இருந்த வீடு, அன்றைக்கு மட்டும் விருந்தினர் மாளிகையாகிவிடும்.

"வந்த சனத்துக்கு முன்னாலை எங்கடை இல்லாமையை விரிச்சுப் போடுறதோ மிஸ்? வெக்கமில்லையோ?"

"விரிச்சுப் போடாமல் என்னெண்டு காசு தருவினம்? உம்முடைய நண்டுக்காலுக்கோ?"

"நீங்கள் ஒருக்கால் அந்த நண்டைச் சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு கதைப்பம்."

நான் மச்சம் தொடாதவள் என்பது தெரிந்தே ஆண்டுதோறும் இதைச் சொல்வீர். குழுவினர் சாப்பிட்டார்கள், விரல் நக்கினார்கள், போய் அறிக்கை எழுதினார்கள். மூன்று ஆண்டுகள் ஒரே வசனம் வந்தது: மாணவியர் தங்குமிட வசதிகள் திருப்திகரம். நான் நியாயம் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதிய விடுதிக்கு மேலே மூன்று முறையும் ஒரு கோடு.

அந்த மூன்றாம் ஆண்டில்தான் மல்லாவியிலிருந்து வந்த பிள்ளை படிப்பை விட்டுப் போனாள். கணக்கில் அவளைப் போல ஒருத்தி எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. விடிய நான்கு மணிக்குக் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. மேற்பார்வையாளருக்கு! அவளுக்குச் சிறுநீரகத்தில் நோய் பற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்து, தகப்பன் வந்து பெட்டியைத் தூக்கினார். "குறை நினையாதேங்கோ, படிப்பைவிட எனக்குப் பிள்ளை வேணும்" என்றார். அவள் திரும்பி வரவில்லை. உம்மிடம் சொன்னபோது நீர் கண் கலங்கினீர். ஆனால் அடுத்த ஆவணியிலும் திரைச்சீலை கேட்டு ஆள் அனுப்பினீர்.

அந்த நாலாம் முறையை நீர் மறந்திருக்க மாட்டீர். கிணறு வற்றியிருந்ததால், பவுசரில் தண்ணீர் எடுப்பித்து விடுதித் தொட்டியை நிரப்பினீர். காலையில் நீரே ஏணியில் ஏறிப் பார்த்தீர். பதினொரு மணிக்குக் குழு வந்தது. தலைமை தாங்கியவர் ஓர் அம்மணி. வெயில் கொளுத்தியது. விறாந்தையில் அவருக்கு நான் இளநீர் கொடுத்தேன். குடித்து முடிய இன்னொன்றும் கொடுத்தேன்.

"மிஸ், இண்டைக்கு உங்களுக்கு என்ன நடந்தது? எனக்கு ஒரு நாளும் பச்சைத் தண்ணி தந்ததில்லை" என்று காதுக்குள் கேட்டீர்.

சற்று நேரத்தில் அந்த அம்மணி கழிப்பறை எங்கே என்று கேட்டார். போனார். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. உமது முகம் சுண்ணாம்பாகிப் போனது. கழுத்துப்பட்டியோடு அயல் வீட்டுக்கு ஓடி, வாளியில் தண்ணீர் சுமந்து வந்தீர். பாதி உமது காற்சட்டையில் ஊற்றுண்டது. கொட்டிலில் அடுக்கியிருந்த கட்டில்களையும், மாமரத்தடியில் பதுங்கியிருந்த பிள்ளைகளையும், நீர் ஓடிய திசையில் பார்த்த குழுவினர் எல்லோரும் கண்டார்கள்.

தொட்டியடி வால்வின் கைபிடியைக் காணவில்லை என்று பின்னேரம் வந்த குழாய்க்காரன் சொன்னான். பழைய இரும்பு பொறுக்குகிறவன் எவனோ கழற்றிக்கொண்டு போயிருப்பான் என்றான். இரும்பென்றால் எதையும் நிலத்திலிருந்து பெயர்த்து விற்ற காலம் அது. நீர் காவலாளியை ஏசவில்லை. "வேலி அடைக்காதது என்ரை பிழை" என்று சொல்லிவிட்டு, குழுவுக்கு இரண்டு பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினீர். அதில்தான் வேடிக்கை. உமக்குப் பொய் எழுத வராது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவர், கிணறு வற்றுவது, நாற்பத்தொரு பேர், இரண்டு கழிப்பறை, ஒளித்த கட்டில்கள், மல்லாவிப் பிள்ளை என்று எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டீர். மூன்று ஆண்டுகள் நான் எழுதிய நியாயங்கள் சாதிக்காததை அந்தக் கடிதம் சாதித்தது. அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் விடுதி இருந்தது. திறப்பு விழாவில் மேடைக்கு வர மறுத்து, பின்வரிசையில் இருந்தீர்.

கடைசியாக உம்மை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னீர்: "அந்த இரும்பு பொறுக்கினவன் இருக்கிறானெல்லே மிஸ், அவன் மோட்சத்துக்குத்தான் போவான்." நான் சிரிக்கவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இன்று நான் செய்தது இதுதான். கட்டில்களைத் திரும்ப உள்ளே போட வைத்தேன். ஒரு அறையில் எட்டு. கொடியில் உடுப்புகள் அப்படியே தொங்கட்டும் என்றேன். குழுவைப் பதினொரு மணிக்கு அல்ல, காலை ஆறரைக்கே விடுதிக்குக் கூட்டிவர ஏற்பாடு செய்துவிட்டேன். பிள்ளைகள் வாளிகளோடு வரிசையில் நிற்கும் நேரம் அது. உதவிப் பதிவாளர் கெஞ்சினாள்.

"மிஸ், எங்கடை மானம் போகப் போகுது."

"போகட்டும் பிள்ளை. கட்டடம் வந்தாப் பிறகு திருப்பி வாங்குவம்."

"சாப்பாடாவது நல்லாக் குடுப்பமோ?"

"குடு. நண்டே குடு. ஆனால் வரிசையைப் பாத்தாப் பிறகு."

நண்டை முழுதாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அது உம்முடைய பங்கு.

இனி, நான் மறைத்ததைச் சொல்ல வேண்டும். என் மேசையில் மதிப்பீட்டுத் தாள்கள் பறக்காமல் வைக்க ஒரு வளைந்த இரும்புத் துண்டு கிடக்கும், ஒரு முனையில் துளையுள்ளது. நீர் வரும்போதெல்லாம் அதைத் தூக்கி, "இதை எறியுங்கோ மிஸ், பேப்பரிலை கறள் பிடிக்குது" என்பீர். பத்து ஆண்டுக்கு மேல் உமது கைபட்ட பொருள். இப்போதும் இந்தக் கடிதத்தின் மேல்தான் இருக்கிறது. அன்று காலை, நீர் ஏணியை விட்டு இறங்கிப் போன பிறகு, வால்வை மூடி, கைபிடியைக் கழற்றி, என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். முதலில் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீர் உடனே இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுதுவீர், விடுதி போய்விடும். கட்டடம் எழுந்த பிறகும் சொல்லாததற்குக் காரணம் வெறும் பயம். உமது தலையில் நான் ஏற்றிய வெட்கத்தை உமது முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை.

நாளை ஆறரைக்கு விடுதி வாசலில் நிற்பேன். தண்ணீர் வருகிற அளவு வரட்டும். வால்வைத் தொட மாட்டேன். மோட்சத்தில் நீர் தேடிக்கொண்டிருக்கும் அந்த இரும்பு பொறுக்கி இன்னும் இங்கேதான் இருக்கிறாள், வேலை முடியவில்லை.