ஸ்டெல்லாவை மலை ஏற்றிய வாரம்

10.6, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. காரை வாசலிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டேன். சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவைக் குமுளியில் விடணும். அவள் மகன் கோட்டயத்திலிருந்து அங்கே வந்து கூட்டிப் போவான். இனிமேல் அவனோடுதான். இங்கே வீட்டைக் காலி பண்ணுகிறாள். "பஸ்ஸுல போகமாட்டேன், உன் வண்டியிலதான் மலை ஏறுவேன்" என்கிறாள்.

அவளும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரிடயரான பிறகு அடுத்த தெரு.

பால், பிரஷர் மாத்திரை, கரண்ட் பில்.

11.6, புதன்

பேய்க்காற்று. தென்னை மட்டை ஒன்று விழுந்தது. கார் தப்பியது.

ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. ஃபேன் வயரைக் கழற்றி பேட்டரியில் நேராகக் கொடுத்தேன், சுற்றியது. மோட்டாரும் சரி. அப்போ ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேதான். எலக்ட்ரீஷியன் முருகேசன் கடையில் புதுசு வாங்கி நானே மாட்டினேன். ஃபேன் ஓடியது. கொஞ்சம் பெருமை.

சாயங்காலம் பஜார் நெரிசலில் நின்று நின்று போனதில் முள் மறுபடி சிவப்பில். முருகேசனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். என்ன ரிலே கொடுத்தாய், நாளன்னைக்கு மலை ஏறணும் என்று. "காலையில வந்து பாக்கேன்க்கா." அவ்வளவுதான் சொன்னான்.

வேலையில் இருந்தபோது வைத்திருந்த பழைய காரில் இந்தக் கரண்ட் ஃபேன் கிடையாது. என்ஜின் பெல்ட்டில் சுற்றுவதுதான். குமுளி ஏற மூன்று இடத்தில் நிற்போம். ஸ்டெல்லா மடியில் தண்ணீர் கேன். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆறும்வரை பாறையில் உட்கார்ந்து கொய்யாப்பழம், சூப்பர்வைசர் பேச்சு. அவள் வீட்டுக்காரர் இறந்த வருஷம் அவள் வாய்விட்டு அழுததும் அங்கேதான். வீட்டில் அழவில்லை.

12.6, வியாழன்

முருகேசன் வந்தான். என்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் கிரில்லுக்கு முன்னால் பேப்பர் தாள் ஒன்றைப் பிடித்தான். காற்றை உள்ளே இழுத்தால் தாள் ஒட்டணும். பறந்து அவன் மூஞ்சியில் அடித்தது. ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

"வயரைக் கழட்டி மாட்டுனது யாருக்கா?"

நான்தான். இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சொருகியிருக்கிறேன்.

"நேத்து கத்துனத மனசுல வச்சுக்காதப்பா."

"எக்ஸ்சேஞ்சுல டிரங்க்கால் போட்ட காலத்துல இதவிடக் கத்துவீகளே" என்றான்.

மாற்றினான். தாள் ஒட்டிக்கொண்டது. காபி குடிக்காமல் அவனை விடவில்லை.

மத்தியானம் ஸ்டெல்லாவுக்குப் பெட்டி கட்டினோம். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

13.6, வெள்ளி

காலையில் சாரல். எட்டு மணிக்குக் கிளம்பினோம். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம். ஃபேன் தானாக ஓடியது, தானாக நின்றது. முள் நடுவிலேயே. ஸ்டெல்லா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சூடாகலையா?"

"இல்ல."

"முருகேசன் நல்லாத்தான் பண்ணிருக்கான்." குரலில் சந்தோஷம் இல்லை.

இன்னும் நாலைந்து வளைவுதான். ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன்.

"என்னடி?"

"சும்மா."

ரெண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "மகன் கூப்புட்டதும் சரின்னுட்டியே" என்றேன்.

"நீ இருன்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். மூணு மாசமா பாத்தேன்."

மகன் கூப்பிடும்போது நான் யார் சொல்ல என்று இருந்துவிட்டேன். அதைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் ரோடு தெரியவில்லை, சாரல் விட்டிருந்தும்.

"எங்கிட்ட வந்து இரு."

என் பக்கம் திரும்பினாள். "அவங்கிட்ட, பத்து நாள் பேத்தியப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிப் பாக்கட்டா?"

"சொல்லு."

குமுளியில் மகன் இரண்டு பெட்டியையும் இறக்கப் போனான். "சின்னது மட்டும் எடு. பெருசு அங்கனயே இருக்கட்டும்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் டிக்கியை மூடினேன்.

பின் அறையைக் காலி பண்ணணும். ஜன்னல் கொக்கி, கட்டிலுக்கு ஒரு பலகை, பழைய பேப்பர்க்காரனுக்குச் சொல்ல.