நனைந்த பாயைப் பற்றி நைனாவுக்கு

என் பிரியமான நைனா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. திதிக்கு வந்தேன், படத்துக்கு மாலை போட்டேன், விழுந்து கும்பிட்டேன். ஆனால் உன்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எதில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும், இல்லையா?

முதலில் வீட்டுச் செய்தி. உன் பேத்தி தாரிணிக்கு எட்டு வயது ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் அதே வாடகை வீடுதான். உன் மருமகன் அதே கம்பெனியில் பிட்டராக இருக்கிறார். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். வண்டிகளுக்குப் போடும் ரப்பர் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளும் வேலை. நாள் முழுக்க நின்றபடி.

தாரிணிக்கு ராத்திரிப் படுக்கை நனைவது சின்ன வயதிலிருந்தே நிற்கவில்லை. போன வருஷம் பகலிலும் ஒரு தொல்லை சேர்ந்துகொண்டது. பள்ளியிலிருந்து வரும்போதே ஜட்டியில் வெளிக்குப் போயிருப்பாள். கேட்டால் "தெரியாம போயிடுச்சிம்மா" என்பாள். ஏழு வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? நான் நம்பவில்லை. அழுக்கான ஜட்டிகளைக் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பி வந்தது. குடிக்காமல் இருந்தால் போகாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்.

மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். தெருவில் ஒருத்தி சொன்னாள் என்று இடுப்பில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினேன். ஒன்றும் மாறவில்லை. பள்ளி வேனில் அவளைக் கடைசி சீட்டில் தனியாக உட்கார வைத்தார்கள்.

ஒருநாள் காலை. கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிஷம்தான். பாயும் நனைந்திருந்தது, துணியிலும் போயிருந்தது. நான் அவள் தலைமாட்டில் நின்றேன். என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை நைனா.

"இன்னாடி, இன்னிக்கும் மடை தெறந்துக்கிச்சா?"

உன் வார்த்தை. உன் ராகத்திலேயே வந்தது. அதோடு விட்டேனா? ஈரப் போர்வையை அவள் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் நிற்க வைத்தேன். அவள் அழவில்லை. போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அந்த முகத்தை நான் அதுவரை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. உள்ளே இருந்துதான் எனக்குத் தெரியும்.

ஆர்.கே.பேட்டை வீட்டில் பதினோரு வயது வரை எனக்கு அப்படித்தானே விடிந்தது. நீ விடியற்காலையில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேற்றோடு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் நிற்பாய். அதே கேள்வி. "எங் கழனிக்கு இப்பிடித் தண்ணி வந்தா ரெண்டு போகம் எடுத்துடுவேன்" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்வாய். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நீ என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஈரப் பாயைச் சுருட்டி என் தலையில் வைத்து, தெரு வழியாகப் பம்பு செட்டுக்கு அனுப்புவாய். அவ்வளவுதான். அதே நீதான் சந்தை நாளில் எனக்கென்று தனிப் பொட்டலமாகப் பக்கோடா வாங்கி, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவாய். இரண்டும் ஒரே ஆள் என்பதை நான் இன்னும் சேர்த்துப் பார்க்க முடியாமல்தான் இருக்கிறேன்.

அன்று கம்பெனி கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். லைனில் என் பக்கத்தில் நிற்கிற செல்வி கேட்டாள்.

"இன்னா கோமு, துண்ணாம சும்மா பெசஞ்சிக்கினே கீற?"

சொல்லிவிட்டேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எம் புள்ளைக்கும் இருந்திச்சி. ஒம்பது வயசு வரிக்கும். அது கொழுப்புல பண்றது இல்ல கோமு, ஒடம்புக்கு இன்னாவோ. மணவாள நகர்ல கொழந்தைங்களுக்குன்னு ஒரு டாக்டரம்மா கீறாங்க. இட்டுக்கினு போ. நாம வெக்கப்பட்டுக்கினு குந்தினா, அதுங்கதான் கெடந்து அல்லாடும்."

இரண்டு வருஷம் தோளோடு தோள் நின்று வேலை பார்த்திருக்கிறோம். அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறித் திருவள்ளூர் மணவாள நகருக்குப் போனோம். டாக்டரம்மா முதலில் என்னிடம் பேசவில்லை, தாரிணியிடம்தான் பேசினார். வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்து, என் விரல்களை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கல் மாதிரி இருந்தது.

"இவ வேணும்னு பண்ணலம்மா. ரொம்ப நாளா அடக்கி அடக்கி, உள்ள மலம் கெட்டியாயிடுச்சு. குடல் விரிஞ்சு போனதால, வர்ற உணர்ச்சியே இவளுக்குத் தெரியாது. கெட்டியா நிக்கிறதைச் சுத்திக்கிட்டுத் தண்ணியா ஒழுகுது. அதே மூத்திரப் பையையும் அமுக்குது. படுக்கை நனையறதுக்கு அதுவும் ஒரு காரணம்." பிறகு அவளிடம் கேட்டார்: "ஏன் கண்ணு அடக்கின?"

தாரிணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் சொன்னாள். "ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பா இல்ல. ஒருவாட்டி கதவத் தெறந்துட்டு எல்லாரும் சிரிச்சாங்க."

அவளுக்குத் தெரியாமல்தான் போயிருக்கிறது நைனா. அவள் சொன்னது நிஜம். அதற்குத்தான் வாசலில் நிற்க வைத்தேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "படுக்கை நனையறது குடும்பத்துல வர்றதுதான். உங்க ரெண்டு பேர் வீட்ல யாருக்காவது இருந்திருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன்.

உன் மருமகன் பக்கத்தில் இருந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரிடம் நான் சொன்னதே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தாரிணி என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் அந்த "இல்ல மேடம்" என்ற சொல்லையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறை போனபோது உட்கார்ந்ததும் சொன்னேன். "மேடம், அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். எனக்கு இருந்திச்சி. பதினோரு வயசு வரிக்கும்." உன் மருமகன் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாரிணிதான் என் புடவையைப் பிடித்து, "உனக்கும்மா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உங்க அப்பா அம்மா பக்கம் கேட்டுப் பாருங்க, அனேகமா இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. உன் அக்காவுக்குப் போன் போட்டேன். உனக்குச் சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று அத்தையிடம் கேட்டேன். 

"யாருடி சொன்னது உனுக்கு?"

"யாரும் சொல்லல அத்த. டாக்டரு கேக்கச் சொன்னாங்க."

"பதினாலு வயசு வரிக்கும் இருந்திச்சி. எங்கப்பன் அவன ஊட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. மாட்டுக் கொட்டாயிலதான் படுக்கணும். மழ பேஞ்சாலும் அங்கதான். கன்னுக்குட்டி பக்கத்துல சுருண்டுக்கினு கெடப்பான். கண்ணாலத்துக்கு மொத வாரம் எங்கையப் புடிச்சி சத்தியம் வாங்கினான், பொண்ணு ஊட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு. இப்ப உங்கிட்ட சொல்லிட்டேன். அவன் கேட்டுக்கினு கீறானோ இன்னாவோ."

கேட்டுக்கொண்டு இருக்கிறாயா நைனா?

நீ யார் வீட்டிலும் ராத்திரி தங்கியதில்லை. தாரிணி பிறந்தபோதுகூடக் குழந்தையைப் பார்த்துவிட்டு, "தண்ணி மொற கீது" என்று சொல்லிக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாய். கழனி மேல் அவ்வளவு ஆசை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அது கழனியா, பயமா? அறுபது வயதிலுமா அந்தப் பயம் போகவில்லை? எனக்கு அது இருந்தபோது, என்னைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் உனக்கு எப்படி இருந்தது? யாரை அந்தத் தெரு வழியாக அனுப்பினாய்?

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம். தம்பி சாப்பிடப் போயிருந்தான், நான் மட்டும் இருந்தேன். உன் படுக்கை நனைந்திருந்தது. நீ நல்ல கையால் என்னைத் தள்ளி, வேறு யாரையாவது கூப்பிடு என்று சைகை காட்டினாய். நான் விரிப்பை உருவிக்கொண்டே குனிந்து உன் காதருகில் சொன்னேன்: "இன்னா நைனா, இன்னிக்கும் மடை தெறந்துக்கிச்சா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இருபது வருஷமாக வைத்திருந்ததை விளையாட்டுப் போலத் திருப்பிக் கொடுத்தேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நாலு நாள் இருந்தாய். அதன் பிறகு என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

அப்போது அதை உன் வீம்பு என்று நினைத்தேன். அத்தையோடு பேசியதிலிருந்து, அந்தச் சுவரில் நீ எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு பாத்திரம் கழுவும்போது, லைனில் நிற்கும்போது, காரணமே இல்லாமல் உன் முதுகு என் கண்ணில் வந்து நிற்கிறது.

தாரிணிக்கு ஒரு பவுடர் கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. முதல் சில நாள் வீடு பட்ட பாடு பெரிய பாடு. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வர வேண்டுமாம். பிறகு தினமும் அளவாக. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் டாய்லெட்டில் உட்கார வேண்டும், கால் தொங்காமல் ஒரு பலகை மேல் வைத்து. பகலில் நிறையத் தண்ணீர். திட்டக் கூடாது, பரிகாசம் பண்ணக் கூடாது. இதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது என்று நானாகவே பவுடரை நிறுத்தினேன். எல்லாம் திரும்பி வந்தது. "மாசக் கணக்குல ஆகும்மா, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

பள்ளிக்குச் சீட்டு எழுதிக் கொண்டுபோய், கேட்கும்போதெல்லாம் அனுப்பச் சொன்னோம். மிஸ் சரி என்றார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது போடுகிறோம், போடுகிறோம் என்றார்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை உன் மருமகன் தாழ்ப்பாளும் ஸ்க்ரூ டிரைவருமாகப் போய் நின்றார். "பர்மிசன் மட்டும் குடுங்க மேடம், நானே போட்டுட்டுப் போறேன்." ஒரு கதவுக்குப் போடப் போனவர், பெண் பிள்ளைகளின் மூன்று கதவுக்கும் போட்டுவிட்டு வந்தார்.

இப்போது பகலில் போவது நின்றுவிட்டது. ராத்திரியில் இந்த மாதம் இரண்டு தடவைதான். போன வாரம் கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் மெதுவாக ஆரம்பித்தாள். நான் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொன்னேன்.

உன்னைப் பற்றியும் தாரிணியிடம் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தாவ ஏம்மா யாரும் டாக்டர் கிட்ட இட்டுக்கினு போகல?"

இதை வெளியில் நாலு பேர் படித்தால் நல்லது என்று தோன்றியது; இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "எம் பேர மட்டும் மாத்திடு" என்றாள். மாற்றிவிட்டேன். உன்னிடம் எப்படி அனுமதி கேட்பது?

நாளைக்கு அத்தை பேத்தியின் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறோம். நம் வீட்டில்தான் இரண்டு ராத்திரி தங்கல். தாரிணி வெளியில் தங்குவது இதுதான் முதல் தடவை. பையில் அவளே மாற்றுத் துணியை எடுத்து மேலாக வைத்திருக்கிறாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது, யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் நைனா. இரண்டு காலையும் எல்லாருக்கும் முன்னால் நான் எழுந்துவிடுவேன். படுக்கை எப்படி இருந்தாலும், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் தலையில் கை வைப்பேன்.

உன் பொண்ணு,
கோமதி
(ஊருக்குக் கிளம்புவதற்கு முன்)