மலர் சொன்ன சொல்

தாம்பரம்,
30.3.92

சௌபாக்கியவதி அபிதாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஈசன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை, தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போனால் வேறென்ன வரும். லண்டன் ஆபீஸில் உன் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது, ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்களே அதைத்தானே செய்தோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

நான் எடுக்கிற பத்தாம் வகுப்பில் தவமலர் என்று ஒரு பெண், மன்னாரிலிருந்து அகதியாக வந்தவள், பீர்க்கன்கரணையில் தாயோடு ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். போன மாதம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டபோது, பக்கத்திலிருந்த கங்காவைக் காட்டி, "இந்தப் பெட்டை பார்த்தவ, கேளுங்கோ" என்றிருக்கிறாள். அவர்கள் ஊரில் பெட்டை என்றால் பெண்பிள்ளை, அவ்வளவுதான். இங்கே அது நாயைச் சொல்கிற சொல்லாயிற்றே. கங்கா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓட, அவள் அப்பா வேதாசலம் மறுநாளே ஆட்களோடு வந்து நின்றார். கரஸ்பாண்டெண்ட் எதையும் விசாரிக்கவே இல்லை. போன வருஷத்துக் குண்டுவெடிப்பிலிருந்தே சிலோன்காரர்கள் என்றால் எல்லோருக்கும் ஒரு மாதிரிதானே, டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்றுவிட்டார். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் டி.சி. கொடுத்தால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி.

நான் கரஸ்பாண்டெண்டிடம் போய் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். பிரேயரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும், விட்டுவிடுகிறேன் என்றார். எனக்கும் காரியம் ஆனால் போதும் என்றிருந்தது, மன்னிப்புக் கேட்டுவிடேன் என்று மலரிடம் சொன்னேன். அவள், "பிழை செய்தாத்தானே டீச்சர் மன்னிப்பு? அம்மா என்னை அப்பிடித்தானே கூப்பிடுறவ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. திரும்பவும் போய், அந்தச் சொல் தப்பென்றால் தமிழ் டீச்சர் நான்தான் பதில் சொல்ல வேண்டும், ரிஜிஸ்டரில் என் பெயரையும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்றேன். கடைசியில், பரீட்சை மட்டும் எழுதட்டும், அதுவரை வகுப்பில் கால் வைக்கக் கூடாது என்று முடித்தார். அதற்குமேல் என்னால் ஆகவில்லை அபிதா, மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒரு மாதமாக நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் அவளுக்குப் பாடம். பேச்சே குறைந்துபோயிற்று. பேசினாலும் நம்மைப் போலவே பேசப் பார்க்கிறாள், அதைத்தான் கேட்க முடியவில்லை.

இன்று தமிழ் முதல் தாள். காலையில் மலர் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள், அந்த நேரம் பார்த்து வாசலில் கங்கா. அப்பாவுக்குத் தெரியாமல் வந்தாளாம். என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். "டீச்சர், அந்தப் பெட்டை உள்ள கீறாளா? ஒண்ணா போலாம்னு வந்தேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மலர், "ஓம், வாறன்" என்றாள். ஒரு மாதம் கழித்து அவள் ஊர்ப் பேச்சு. இருவரும் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

நீயும் உன் மாதிரியே பேசு கண்ணே, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நீடூழி வாழ்க.

உன் அம்மா,
லோகநாயகி