கதவு சுவிட்சைப் பற்றி நீ சொன்னது

இன்று காலை பராமரிப்புச் சோதனைக்காக ஒரு மெஷினின் மின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே, மெஷினின் பாதுகாப்புக் கதவு சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் யாரோ கழற்றி, நுனிகளை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். "உற்பத்தி போயிக்கினு இருக்குது மேடம், மத்தியானமா மாத்திக்கலாம்" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர். நான் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கத்தினார். அவர் கத்தியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நீ பேசுவதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

நாம் பிளஸ் டூ முடித்த அந்தக் கோடையில், பாலிடெக்னிக் விண்ணப்பம் இரண்டை நீதான் வாங்கிவந்தாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. எனக்கு அந்தப் படிப்பின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவது நீதான். நான் உன் நோட்டைப் பார்த்துப் பாஸானவள். என் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நீ எதிரில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி மெஷின் படிப்பு?"

"கும்மிடிப்பூண்டில கீறதெல்லாம் மெஷின்தான அத்த? எப்படியும் நாங்க அங்கதான் வேலைக்குப் போவப் போறோம். கூட்டிப் பெருக்கப் போறதுக்கு, அத ஓட்டவே கத்துக்கினு போனா இன்னா?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் என் படிப்பு தொடங்கியது.

உன் வீட்டில் உன்னால் யாரையும் சிரிக்கவைக்க முடியவில்லை. அறுபது பையன்களுக்கு நடுவே பெண்ணை உட்காரவைக்க முடியாது என்றார் உன் அப்பா. ரெண்டு வருஷத்தில் கல்யாணம், அதுவரை வேலைக்குப் போகட்டும் என்றார். நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய். நாலாம் நாள் எழுந்து, பிளாஸ்டிக் வாளிக்கு மூடி வார்க்கும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தாய். உன் விண்ணப்பத்தை என்ன செய்தாய் என்று நான் கேட்கவேயில்லை.

அப்புறம் நம்முடைய வகுப்பு ரயிலில் நடந்தது. ஆரம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் என் பையிலிருந்து நோட்டை உருவிக்கொள்வாய். மெஷினுக்குக் கட்டளை எழுதுகிற ஏணிப்படத்தை எனக்குப் புரியவைத்தது ஆசிரியர் இல்லை, நீ. "இதோ பாரு, இது கதவு. கதவு மூடினாத்தான் கரண்ட் இந்தப் படியைத் தாண்டும். தொறந்தா அறுந்துடும், மெஷின் நின்னுடும். இவ்ளோதான்டி." பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காவுக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் டிப்ளமா வாங்கினேன். பரீட்சையை எழுதியது மட்டும்தான் நான்.

உன் கம்பெனி இருந்த அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், ஒருநாள் நீ நோட்டை உருவினாய், ஆனால் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரு படம் போட்டாய்.

"எங்க மெஷின்ல கதவத் தொறந்தாலும் அச்சு நிக்கறதில்லடி. சுவிட்ச் வயரை முறுக்கி உட்டுட்டாங்கோ. மூடி சீக்கிரம் எடுக்கலாம்னு."

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நீ மூடி எடுக்க வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியான்னு கேக்கறான். நீ ஒருவாட்டி வாயேன். டிப்ளமா படிச்ச பொண்ணு நீ சொன்னா கேப்பாங்க."

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்று குற்றம் சொன்னால் என் கம்பெனிக்குச் செய்தி வந்துவிடும் என்று பயந்தேன். "நான் யாருடி அங்க வந்து சொல்ல? சும்மா இரு. வேலைய உட்டுத் தூக்கிடப் போறாங்க" என்றேன். நீ தலையாட்டினாய். கோபப்படவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்தாய்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அச்சுக்குள் சிக்கிய ஒரு மூடியை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்திருக்கிறாய். அதற்கு மேல் எழுத மாட்டேன். உன் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. துணி மூடியபடியேதான் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் வந்து பார்த்த அதிகாரிகள், சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது என்றார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வயரை மாட்டியிருப்பார்கள். காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நீயா? உன்னைப்போல அந்த மெஷினைக் கவனித்தவர்கள் அந்தக் கம்பெனியில் வேறு யார் இருந்தார்கள்? நீ போட்ட படத்தை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தவரிடம் போனேன். "நீ அங்க வேலை பாத்தியாம்மா?" என்றார். இல்லை என்றேன். தாளை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதன்பின் அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன வாரம் நாம் படித்த பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பெண்கள் தொழில்நுட்பம் படிக்க வேண்டும், வேலைக்கு வர வேண்டும் என்று பேசினேன். என்னென்ன பிரிவு உண்டு, எங்கே வேலை கிடைக்கும் என்றெல்லாம் சொன்னேன். முடிந்ததும் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். "எங்கூட்ல உட மாட்டாங்கோக்கா. நீங்க வந்து எங்கம்மாகிட்ட பேசறீங்களா?"

நேற்று போனேன். அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லி, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மெஷின் பக்கம் பொண்ண அனுப்பிட்டு அப்புறம் அழுவறதா? நம்ம ஊர்ல ஒரு பொண்ணு அப்படித்தான செத்துச்சு?"

உன் சாவை இந்த ஊர் இப்படித்தான் வைத்திருக்கிறது. பெண்களை வீட்டுக்குள் நிறுத்துவதற்கு ஒரு சாட்சியாக.

"அவ என் கூட்டாளிதான்மா. அந்த மெஷின்ல இன்னா தப்புன்னு அங்க கீற எல்லாருக்கும் முன்னாடி அவளுக்குத்தான் தெரிஞ்சுது. சொன்னா. ஹெல்பர் சொன்னான்னு யாரும் கேக்கல. அவளப் படிக்க உட்டிருந்தா, அந்த வயரைக் கழட்டிச் சரி பண்ற எடத்துல அவ இருந்திருப்பா." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "எங்கிட்டயும் சொன்னாம்மா. நானும் கேக்கல."

இத்தனை வருஷத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம வாம்மா. அவங்கப்பா இருப்பாரு" என்றாள்.

போவேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. பேச்சில் சிரிக்கவைக்கும் உன் திறமை எனக்கு வரவே வராது. என்னிடம் இருப்பது 'நானும் கேக்கல' என்ற இந்த ஒன்றுதான். அவர் கேட்டால், அவருக்கும் அதைச் சொல்வேன்.