சூடு ஏறுது, காத்து ஏறலை

இன்று காலை செல்லூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தது. பக்கத்து மூடியைக் கழற்றியதும், பஞ்சுத் தூசும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியும் சேர்ந்து சூட்டில் காய்ந்த வாசனை குப்பென்று ஏறியது. தறி ஷெட்டை விட்டுவிட்டு நம் காளவாசல் கடைக்கு நீ வந்த புதிதில் உன் சேலையில் இருந்த அதே வாசனை. "குளிச்சிட்டுத்தேன் வாராளா?" என்று அப்போது உன் அண்ணனிடம் கேட்டவள் நான். இன்று அந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு நீ கடைக்கு வருவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. பன்னிரண்டு வருஷம் விசைத்தறிச் சத்தத்தில் நின்று காதைத் தொலைத்துவிட்டு வந்தவள் நீ. எதிரில் நின்று கத்தினால்தான் பாதியாவது கேட்கும். ஃபேன் பழுது பார்க்க முதலில் காதுதானே வேண்டும் என்பது என் எண்ணம். கரகரத்தால் ஒரு கோளாறு, விசிலடித்தால் ஒரு கோளாறு, சத்தமே இல்லையென்றால் எல்லாம் சுகம். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் என்ற மிதப்பு வேறு. வீட்டுக்காரரின் தங்கச்சியை வேண்டாம் என்று சொல்ல முடியாமல், பின்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் பிரஷ்ஷைக் கொடுத்துத் தூசி தட்டச் சொன்னேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓடுகிற ஃபேனின் சட்டத்தில் ஒற்றை விரலை வைத்து, "இது எண்ணெய் காஞ்சது மதினி, தண்டு ஆடுது" என்றாய். இன்னொன்றைத் தொட்டு, "இதுல உள்ள குண்டு தேஞ்சிருச்சு" என்றாய். பிரித்துப் பார்த்தேன். முதலாவது குண்டு இல்லாமல் வெறும் புஷ் வைத்தது, காய்ந்து கிடந்தது. இரண்டாவது பால் பேரிங், தேய்ந்துதான் போயிருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தறியில எங்க கோளாறுன்னு காதா சொல்லுச்சு? கைதேன் சொல்லும்" என்றாய். எதிரெதிர்த் தறியில் நிற்கிறவர்கள் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே நாள் முழுக்க ஊர்க்கதை பேசுவீர்கள் என்றும் அன்றுதான் சொன்னாய். சிரித்துவிட்டு அதை மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு நானே உன்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தேன். லேப்டாப் ஃபேனைப் பார்த்ததும், "இது மேலயும் கீழயும் இழுத்துப் பக்கவாட்டுல துப்புது" என்று நீயே சொல்லிவிட்டாய். மூன்று கம்பி ஃபேனுக்கு வரும் வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓரளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்றேன். நான்கு கம்பி ஃபேனைக் காட்டியபோது உன் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. கறுப்பும் மஞ்சளும் கரண்டுக்கு. பச்சை, தான் எம்புட்டு வேகத்தில் சுற்றுகிறேன் என்று ஃபேன் போர்டுக்குச் சொல்கிற கம்பி. நீலம், இன்னும் எம்புட்டு வேகம் வேண்டும் என்று போர்டு ஃபேனுக்குச் சொல்கிற கம்பி. சூடு ஏறினால் போர்டு கேட்கும், ஃபேன் வேகத்தைக் கூட்டும். நீ அந்த நான்கு கம்பிகளையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாய். "அப்ப ரெண்டும் சத்தமில்லாமலே பேசிக்குது" என்றாய். உனக்குக் கண் கலங்கியிருந்தது. வருஷக் கணக்காக அந்த ஒயரைச் செருகியும் பிடுங்கியும் வந்த எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் செல்லூரில் சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவருடைய கம்ப்யூட்டர் வந்ததே, அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. தொட்டில் பிள்ளை முழித்துக்கொள்கிறது, ஃபேன் சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று முதல்தரம் வந்தபோது கேட்டார். நான் ரெசிஸ்டர் வைத்த குட்டை ஒயர் ஒன்றை நடுவில் செருகிக் கொடுத்தேன். சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. ஆறு மாதம் கழித்து அதே கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒருதரம் தானாக அணைகிறது என்று திரும்பி வந்தது. இரண்டு நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று அவருக்குப் போனில் சொல்லிவிட்டேன். கல்யாண சீசன் டிசைன் வேலை பாதியில் நிற்கிறது என்று மனிதர் அழாத குறை.

நீ பின்னாலிருந்து எழுந்து வந்து, அதை ஓடவிடச் சொன்னாய். உள்ளே ஃபேனுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாய். இடுப்பில் சொருகியிருந்த நூலை எடுத்துக் காற்றில் பிடித்தாய். பத்து நிமிஷமாகியும் நூல் ஒரே மாதிரிதான் ஆடியது. பிறகு சொன்னாய்: "சூடு ஏறுது மதினி. காத்து ஏறலை."

"சத்தமில்லாம நல்லாத்தான ஓடுது?"

"அது கேக்குது. இதால குடுக்க முடியலை. நடுவுல என்னமோ பிடிச்சு வச்சிருக்கு."

குனிந்து பார்த்தேன். நடுவில் இருந்தது நான் செருகிய ஒயர். போர்டு முழு வேகம் கேட்டாலும், அதைத் தாண்டிப் போதுமான கரண்ட் ஃபேனுக்குப் போகவில்லை. கீழே, சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தையாய்ப் படிந்திருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைச் சுரண்டி எடுத்தோம். முதலில் இரைந்த ஃபேன், சூடு இறங்க இறங்கத் தானாகவே அடங்கியது. தொட்டில் பிள்ளைக்கும் தொந்தரவில்லை. எந்தக் காதாலும் கேட்க முடியாத ஒன்றை, காது கேளாத நீ கண்டுபிடித்துவிட்டாய்.

அந்த நேரம் பார்த்து டிசைன்காரர் உள்ளே வந்தார். நீ இன்னும் கையை வைத்தபடிதான் நின்றாய். பிறகு தூசியை உதற வாசலுக்குப் போனாய். "யாரும்மா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றேன். "நான்தேன். தூசி அடைச்சிருந்துச்சு" என்றேன். ஒயரைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்குப் பின்னால், வாசலில், நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத்தான் கேட்காதே என்ற தைரியம் எனக்கு.

அதன் பிறகு மூன்று வருஷம் ஒரே மேசையில் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். நீ ஒரு ஜாடைப் பேச்சுக்கூடப் பேசியதில்லை. போன ஆடியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க அந்த டிசைன்காரர் நம் வீட்டுக்கு வந்தார். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தது. உன் அண்ணனிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "அன்னைக்கு எனக்கு ஒரு சந்தேகம்ணே. வெளிய போறப்ப வாசல்ல உங்க தங்கச்சிகிட்டயே கேட்டேன், நீங்கதான கைய வச்சுப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு. 'இல்லண்ணே, மதினி சொல்லித்தேன் வச்சேன். அவுகதேன் கண்டுபிடிச்சாக'ன்னு சொல்லிருச்சு. நாத்தனா வாயால இம்புட்டு நல்ல பேரு யாரு வாங்குவா?"

தறியில் உதடு பார்த்துப் பேசிய கதையை நீ சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, அது நிற்கும்படி முட்டுக்கொடுத்தும் இருக்கிறாய்.

"இல்லண்ணே" என்றேன், எல்லோர் முன்னாலும். "கெடுத்தது நான். கண்டுபிடிச்சது அவ." உன் அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

அன்றைக்குக் கடையில் இரண்டு பொய் சொல்லப்பட்டது. இரண்டுமே எனக்காக. என்னுடையதைத் துக்க வீட்டில் இறக்கி வைத்துவிட்டேன். உன்னுடையதை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அது என்னிடமேதான் இருக்கிறது.